இடது பக்கத்துக்கு ஆள் தேவையில்லை

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். போன செப்டம்பரில் ஒரு முழுக் கிழமை நான் என் குஞ்சைத் தகரம் என்று சொல்லித் திரிந்தேன். பாண் வாங்க வந்தவர்களிடம் சொன்னேன், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடம் சொன்னேன், கடைசியில் என் சொந்தச் சாப்பாட்டு மேசையிலும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நம்ப வைக்க நான் பட்ட பாடு எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

என் பெயர் இமெல்டா. டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில், ஒரு பேக்கரியில் நின்று பாண் விற்கிறேன். என் மகன் டெனிஸ்டனுக்கு இருபத்தாறு வயது, நூற்று முப்பத்திரண்டு கிலோ. எங்கள் ஊரின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்கு அவன்தான் லெஃப்ட் டக்கிள். இது காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு, தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டும் போட்ட பெரிய பெரிய ஆட்கள் மாடுகள் மாதிரி மோதிக்கொள்கிற விளையாட்டு.

பந்தை எறிகிறவனுக்குக் குவாட்டர்பாக் என்று பெயர். எங்கள் குவாட்டர்பாக் லூக்காஸ் வலது கைக்காரன். எறிவதற்குத் திரும்பினால் இடது பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தால் யார் ஓடி வந்து முதுகில் இடித்தாலும் விழுந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். அந்த முதுகைக் காக்கிறவன்தான் லெஃப்ட் டக்கிள். அவன் பந்தைத் தொடமாட்டான், புள்ளி எடுக்கமாட்டான், பேப்பரில் படம் வராது. ஒன்பது வருஷமாக என் மகன் அந்த இடத்தில் நிற்கிறான். அவனைத் தாண்டி லூக்காஸைத் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், நான் எண்ணியும் இருக்கிறேன்.

அப்படிப்பட்டவனைத் தேவையில்லை என்று நான் ஏன் வாதாட வேண்டும்?

ஜூன் கடைசியில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு இரண்டு நாள் பயிற்சிக்கும் போனான். ஜூலையில் பார்த்தால் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், மூச்சு வாங்குகிறது. இருதய டொக்டரைப் பார்க்க தெர்மின், அதுதான் முன்பதிவு, எடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். இருதயத் தசையில் அழற்சி என்று அந்த டொக்டரம்மா சொன்னார். ஆறு மாதத்துக்கு ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, விளையாட்டு அறவே கூடாது. உடம்பு சுகமாகிவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் சுகமாகியிருக்காது, அந்த நேரத்தில் களத்தில் இறங்கினால் இருதயம் சட்டென்று நின்றுவிடலாம் என்றார். இதை அவர் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

காரில் ஏறியவுடன் டெனிஸ்டன் ட்ரெய்னருக்குச் சொல்லப் போனை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதை."

"ஏனம்மா? ட்ரெய்னருக்குச் சொல்லத்தானே வேணும்."

"சொன்னா நாளைக்கே கொட்வின் அண்ணையின்ரை காதுக்குப் போயிடும்."

கொட்வின் அண்ணை மன்னார்க்காரர். என் மனுசன் கிறிஸ்தோப்பரோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர். அவருடைய மகள் மிதுசாவைத்தான் டெனிஸ்டனுக்குப் பேசியிருந்தோம். ஜனவரியில் மோதிரம் மாற்றுவதாக ஏற்பாடு. எங்கள் ஆட்களிடம் இருதயம் என்ற சொல்லை விட்டுப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு நெஞ்சில் வருத்தம் என்ற கதை ஒரே நாளில் சுவிஸுக்கும் கனடாவுக்கும் போய்ச் சேரும். டிசம்பரில் சுகமாகிவிட்டது என்ற கதை மட்டும் பக்கத்துத் தெருவுக்கும் போகாது.

அதனால் முதுகு பிடித்துவிட்டது என்று ஒரு கதை கட்டினேன். முதுகு நல்ல வருத்தம். எல்லாருக்கும் இருக்கிறது, கலியாணத்தைக் குழப்பாது. அன்றைக்குப் பின்னேரம் கொட்வின் அண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அங்கேயே அந்தப் பொய்யை முதல் முதலாகச் சொன்னேன். மிதுசாவின் தாய் தைலம் எடுத்துத் தந்தார்.

ஓகஸ்டில் அணி இரண்டு மச் தோற்றது. டெனிஸ்டனுடைய இடத்தில் ஊவே நின்றான். ஊவே எங்கள் பேக்கரிக்கு மா மூட்டை கொண்டு வருகிற லொறிக்காரன், நாற்பத்தொரு வயது, நல்ல மனிதன். அவனைச் சுற்றி ஓடிப்போய் லூக்காஸை விழுத்தினார்கள். செப்டம்பரில் கடைசி மச் ஒன்றுதான் மிச்சம். அதிலும் தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். ஊரில் எல்லாருக்கும் அதே பேச்சு.

"முதுகு இன்னும் மாறேல்லையே?" என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். முதுகு எப்போது சுகமாகும் என்று பாண் வாங்க வந்த ஜெர்மன் கிழவியும் கேட்டாள். ஆறு கிழமை பிடித்த முதுகு என்ன முதுகு என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். முதுகு என்று சொன்னது எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருதயம் என்று சொன்னவனை ஒருவரும் வா என்று கூப்பிட மாட்டார்கள். முதுகு என்று சொன்னவனைத் தைலம் பூசிக்கொண்டு வா என்பார்கள்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. இடது பக்கத்தில் யார் நின்றாலும் ஒன்றுதான் என்று ஊரை நம்ப வைத்துவிட்டால், இவனை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

வாசுதேவன் அதற்குக் கிடைத்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், டார்ம்ஸ்டாட்டில் ஒரு கம்பனியில் இன்ஜினியர். வாடகை குறைவு என்று எங்கள் ஊரில் குடியிருக்கிறார். ஒரு மச்சும் விடமாட்டார், மடியில் லப்டொப்பை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். புதன்கிழமை பாண் வாங்க வந்தவரை நான் அரை மணி நேரம் விடவில்லை.

"லெஃப்ட் டக்கிள் இல்லாமல் வெல்ல ஏலாதோ?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? தாராளமா முடியும்க்கா. எல்லாரும் லெஃப்ட் டேக்கிள ஓவர் ரேட் பண்றாங்க. லூக்காஸ் பால கையில வச்சுக்கிட்டு நாலு செகண்ட் நிக்கறான், அதான் ப்ராப்ளமே. ரெண்டரை செகண்டுக்குள்ள எறிஞ்சுட்டா அங்க யாரு நின்னா என்ன? நான் மூணு சீசன் டேட்டா பார்த்திருக்கேன்."

"ரெண்டரை செக்கன்," என்று நான் திருப்பிச் சொன்னேன்.

"ஆமாக்கா. ஷார்ட் பாஸ். அப்புறம் லூக்காஸ் வலது பக்கமா நகர்ந்து எறியணும்."

பாண் பையின் பின்பக்கத்தில் அதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். செபமாலை சொல்வது போல இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வழக்கம் போல எங்கள் வீட்டில் கூடினார்கள். கிறிஸ்தோப்பர், கொட்வின் அண்ணை, வாசுதேவன். டெனிஸ்டன் வேலையால் இன்னும் வரவில்லை. நான் தேத்தண்ணி கொண்டு போய் வைக்கும்போதே வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது.

"சுவர் இல்லாமல் கூரையை எதிலை வைக்கிறது?" என்றார் கிறிஸ்தோப்பர். அவருக்கு மகனின் வருத்தம் தெரியும். ஆனாலும் ஃபுட்போல் என்று கதை தொடங்கினால் அவருடைய வாய் அவருடைய சொல் கேட்காது. "லெஃப்ட் டக்கிள் இல்லாத அணி அணியே இல்லை."

"அதுதான் உண்மை," என்றார் கொட்வின் அண்ணை. "ஓகஸ்டிலை லூக்காஸ் ஒன்பது தரம் விழுந்தவன். நான் எண்ணினனான். ஒன்பதும் இடது பக்கத்தாலை."

"அது டேக்கிள் மிஸ்டேக் இல்ல சார்," என்றார் வாசுதேவன். "பால ஹோல்ட் பண்ற டைம் தான்…"

"தம்பி, உங்கடை டேட்டாவுக்கு முதுகிலை அடி விழுகிறேல்லை," என்றார் கிறிஸ்தோப்பர்.

நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாசுதேவன் சொல்லுறதுதான் சரி," என்றேன். "லூக்காஸ் ரெண்டரை செக்கனுக்குள்ளை எறிஞ்சா அங்கை ஆர் நிண்டா என்ன? வலப்பக்கம் நகர்ந்து எறியச் சொல்லுங்கோ. இடது பக்கத்துக்குப் பெரிய ஆள் தேவையில்லை. ஊவே போதும்."

"தங்கச்சி, உம்மடை மகனைப் பற்றித்தான் கதைக்கிறீர்," என்று கொட்வின் அண்ணை சிரித்தார்.

"மகன் எண்டாப்போலை பொய் சொல்ல ஏலுமே? அவன்ரை கால் முந்தின மாதிரி இல்லை. போன வருசமே நான் பாத்தனான். வெளிப்பக்கத்தாலை வாறவனைப் பிடிக்கிறான், உள்பக்கத்தாலை பூருறவனை விட்டிடுறான். பேர்தான் பெரிசு. இவன் நிண்டாலும் ஒண்டுதான், ஊவே நிண்டாலும் ஒண்டுதான்."

சொல்லச் சொல்ல எனக்கே நான் சொல்வதில் நியாயம் இருப்பது போலத் தெரிந்தது. உள்பக்கத்தால் நுழைகிறவனைப் பற்றிச் சொன்னது நான் கட்டிய கதையும் இல்லை, அது உண்மை. ஒன்பது வருஷம் கண் வெட்டாமல் பார்த்த தாய்க்கு அது தெரியாமல் இருக்குமா? கொட்வின் அண்ணை தாடையைத் தடவினார்.

"பெத்த தாயே சொல்லேக்கை நாங்கள் என்ன கதைக்கிறது? சரி, ஊவே நிக்கட்டும். வாசுதேவன், நீர் அந்தக் கணக்கை ட்ரெய்னருக்கு அனுப்பும்."

வென்றுவிட்டேன் என்று நினைத்து எழுந்தேன். கதவடியில் டெனிஸ்டன் நின்றான். சப்பாத்து இன்னும் கழற்றவில்லை. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை.

"ஊவே தேவையில்லை," என்றான். "நாளைக்கு நான் நிக்கிறன்."

"முதுகு?" என்று கொட்வின் அண்ணை கேட்டார்.

"சுகம்."

கொட்வின் அண்ணை எழும்பிப் போய் அவன் தோளில் தட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்கிற பழமொழியைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறேன். அந்தத் தவளை நான்தான் என்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்தது.

அவர்கள் போனவுடன் அவனுடைய அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து கவசத்தின் வார்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பன், உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னனான். அதை நீ மனசிலை எடுக்காதை."

"தெரியும். ஆனா சொல்லேக்கை உங்கடை முகத்தைப் பாத்தனான். யோசிச்சுத்தான் சொன்னீங்கள். உள்பக்கத்தாலை விடுறன் எண்டது உண்மைதானே?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி பிந்திவிட்டது.

"டொக்டர் சொன்னது உனக்குத் தெரியும்," என்றேன். "நெஞ்சு நிண்டு போகும்."

"இப்ப எனக்கு மூச்சு வாங்கிறேல்லை. ஒரு மச்தானே. ஆறு கிழமையா முதுகு, முதுகு எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். அணியிலை ஒருத்தனும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறான் இல்லை. பயந்தாங்கொள்ளி எண்டு நினைக்கிறாங்கள். ஜூலையிலை ட்ரெய்னருக்குச் சொல்ல விட்டனீங்களோ?"

முன்னறைக்குப் போய்க் கிறிஸ்தோப்பரிடம், இப்போதே ட்ரெய்னருக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுவோம் என்றேன். அவர் கையைப் பிசைந்தார்.

"இவ்வளவு நாளும் மறைச்சுப்போட்டு இப்பச் சொன்னா கொட்வினின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது? ஒரு மச். மாதா பாத்துக்கொள்ளுவா. நீர் சும்மா பயப்பிடாதையும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாங்கள் சொல்கிற பொய்க்கெல்லாம் காவல் நிற்கிறதா மாதாவின் வேலை? ஆனால் அவரை மட்டும் ஏசி என்ன பயன். போன் என் கையிலும் இருந்தது. ட்ரெய்னரின் நம்பரும் இருந்தது. நான் எடுக்கவில்லை. மிதுசாவின் தாய் தந்த தைலப் போத்தல் அலமாரியில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், போனை எடுக்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலையில் எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது.

டெனிஸ்டனுடைய தலை பெரிய தலை. அவனுக்கு அளவான ஹெல்மெட் அணியில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தது. ஹெல்மெட் இல்லாதவனை நடுவர் களத்துக்குள் விடமாட்டார். அவன் குளிக்கும்போது பையைத் திறந்து ஹெல்மெட்டை எடுத்தேன். எடை குறையாமல் இருக்க இரண்டு பழைய துவாயும் ஒரு சோடிச் சப்பாத்தும் உள்ளே வைத்தேன். ஒவ்வொரு மச்சுக்கும் எங்கள் ஆட்களுக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து ஒரு பெரிய பெட்டியில் கொண்டு போவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்பார்கள். நான் ஹெல்மெட்டைப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே கடதாசி விரித்து, அறுபது ரோல்ஸை அடுக்கி மூடினேன்.

மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டே காலுக்கு டெனிஸ்டன் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து ஓடி வந்தான்.

"அப்பா, ஹெல்மெட்டை விட்டிட்டு வந்திட்டன். வீட்டிலை பாருங்கோ."

கிறிஸ்தோப்பர் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். ட்ரெய்னர் இருக்கிற ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து அவன் தலையில் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் காதைத் தாண்டி இறங்கவில்லை. ஆட்டம் தொடங்கியது. ஊவே இடது பக்கத்தில் போய் நின்றான். என் மகன் கவசத்தோடு, வெறுந்தலையோடு கோட்டுக்கு வெளியே நின்று எங்கள் கார் வருகிற தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பாதியில் லூக்காஸ் ஐந்து தரம் விழுந்தான். ஒவ்வொரு தரமும் கொட்வின் அண்ணை "இடது பக்கம், இடது பக்கம்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். வாசுதேவன் "அவன் இன்னும் ஹோல்ட் பண்ணிட்டே இருக்கான் சார்" என்று லப்டொப்பைக் காட்டினார். பாதி நேரத்தில் பூச்சியத்துக்குப் பதின்மூன்று. கிறிஸ்தோப்பர் வெறுங்கையோடு திரும்பி வந்தார், சேர்ட் எல்லாம் வியர்வை.

"வீடு முழுக்கப் பாத்திட்டன். காணேல்லை."

"சரி, விடுங்கோ," என்றார் கொட்வின் அண்ணை. "தங்கச்சி, ரோல்ஸைத் தாரும். பசியிலை தலை சுத்துது."

"முடிஞ்சுது," என்றேன்.

"இன்னும் திறக்கவே இல்லையே."

"இண்டைக்குச் சரியாப் பொரியேல்லை. வேண்டாம்."

இருபது வருஷத்தில் நான் ஒருவருக்கும் ரோல்ஸ் இல்லை என்று சொன்னதில்லை. கிறிஸ்தோப்பர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று அவருடைய கண்ணில் தெரிந்தது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பூச்சியத்துக்குப் பதின்மூன்று.

"எழும்பும்," என்றார்.

"மாட்டன்."

"இமெல்டா, எழும்பும்."

கையைப் பிடித்து எழுப்பினார். மூடியைத் திறந்து ரோல்ஸைக் கையால் ஒதுக்கினார். கொட்வின் அண்ணை குனிந்து கைவிட்டு, எண்ணெய் வழிகிற ஹெல்மெட்டைத் தூக்கி எடுத்தார். சுற்றி இருந்த ஜெர்மன்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். டெனிஸ்டன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பின்னால் ட்ரெய்னரும் வந்தார்.

"அம்மா, தாங்கோ," என்றான் டெனிஸ்டன்.

கொட்வின் அண்ணை ஹெல்மெட்டை வேலிக்கு மேலால் நீட்டினார். நான் பாய்ந்து அதைப் பறித்து வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேறு ஒரு வாதமும் என்னிடம் மிச்சம் இருக்கவில்லை.

"அவனுக்கு இருதயத்திலை வருத்தம்," என்றேன். "ஆறு மாசம் ஓடக்கூடாது. ஓடினாச் செத்துப்போவான். ஜூலையிலேயே டொக்டர் சொன்னவ. முதுகு எண்டு நான்தான் பொய் சொன்னனான்."

பிறகு அதையே ட்ரெய்னருக்கு ஜெர்மனில் சொன்னேன். எனக்குப் பாண் விற்கிற ஜெர்மன்தான் தெரியும். ஆனால் டொக்டரம்மா சொன்ன அந்த நீளமான சொல்லை ஆறு கிழமையாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன். அது பிழையில்லாமல் வந்தது. ட்ரெய்னருடைய முகம் வெளுத்தது. உண்மையா என்று அவர் டெனிஸ்டனிடம் கேட்டார். டெனிஸ்டன் நிலத்தைப் பார்த்து ஆம் என்று தலையை ஆட்டினான். ட்ரெய்னர் அவனைத் திட்டவில்லை. அவனுடைய கவசத்தின் வார்களைத் தன் கையாலேயே அவிழ்த்து, கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

கொட்வின் அண்ணை எண்ணெய்க் கையைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

"அண்டைக்கு எங்கடை வீட்டை வந்து சாப்பிட்டனீங்கள், தங்கச்சி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். தொப்பியை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி வெளியே போனார். கிறிஸ்தோப்பர் இரண்டு அடி பின்னால் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. வாசுதேவன் அனுப்பிய கணக்கை ட்ரெய்னர் படித்திருந்தாரோ, தானாகவே யோசித்தாரோ தெரியாது. லூக்காஸ் பந்தை வாங்கியவுடன் எறியத் தொடங்கினான். ஒன்று, இரண்டு என்று எண்ணுமுன்னமே பந்து போய்விடும். வலப்பக்கமாக ஓடி ஓடி எறிந்தான். ஊவேயைச் சுற்றிக்கொண்டு வருகிறவன் வந்து சேரும்போது லூக்காஸின் கையில் ஒன்றும் இருக்காது. ஊவே சும்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான், அதுவே போதுமாக இருந்தது. மூன்றாம் கால்வாசியில் ஏழு. கடைசிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது இன்னொரு ஏழு. பதினான்குக்குப் பதின்மூன்று. வென்றுவிட்டோம்.

எல்லாரும் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் ஓடினார்கள். ஊவேயைத் தோளில் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டார்கள். வாசுதேவன் சந்தோஷத்தில் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க சொன்னது கரெக்டா நடந்துடுச்சு. டேக்கிள் தேவையே…"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். சொல்லை முடிக்காமல் லப்டொப்பை மூடிக்கொண்டார்.

ஒரு கிழமையாக நான் மாதாவிடம் கேட்டது இதைத்தான். இடது பக்கத்துக்கு இவன் தேவையில்லை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று கேட்டேன். தெரிந்துவிட்டது. வாங்குப் பலகையில் தனியாக உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்த என் மகனுக்கும் தெரிந்துவிட்டது.

களம் வெறித்த பிறகு இறங்கிப் போனேன். பக்கத்தில் உட்கார இடம் விட்டான். பிறகு நான்தான் தொடங்கினேன்.

"மிதுசாவின்ரை வீட்டிலை போய் நானே கதைக்கிறன். காலிலை விழுந்தெண்டாலும்…"

"மிதுசாவுக்கு ஜூலையிலேயே தெரியும்," என்றான். "நான் அண்டைக்கே சொன்னனான். டிசம்பர் வரைக்கும் பொறுப்பம் எண்டவ. தகப்பனுக்குத் தானே சொல்லுறன் எண்டவ. நீங்கள் முதுகு எண்டு சொல்லிப்போட்டீங்கள், பிறகு உங்களைக் காட்டிக் குடுக்க ஏலாமல் அவவும் வாயை மூடிக்கொண்டிருந்தவ."

யாருக்குத் தெரியக்கூடாது என்று எல்லாவற்றையும் செய்தேனோ, அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"இண்டைக்கு நான் விளையாட வெளிக்கிட்டது பிழை," என்றான். "அது என்ரை பிழை. ஆனா அம்மா, ஜூலையிலை சொல்ல விட்டிருந்தா, இவங்கள் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருப்பாங்கள். கீழை இறங்கியிருந்தாலும் காத்துக்கொண்டு இருந்திருப்பாங்கள். இப்ப நான் இல்லாமல் வெல்லப் பழகிட்டாங்கள்."

கோபத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பெரிய நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மூச்சு விடுகிறான், எனக்கு அது போதும் என்று சொன்னால் அது இன்னொரு பொய். போதாது. ஆனால் அன்றைக்கு எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான், அதனால் அவன் எழும்பிப் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.